சலேத்தில் போன ஏழு பேர்

கோமான்துறையில் கடலுக்குப் போன ஆம்பிளையின் பெயரை, அவன் போன வள்ளம் திரும்பி வந்து அடிப்பலகை கரை மணலைத் தொடுகிற வரைக்கும், பெற்றவளும் சொல்லமாட்டாள், கட்டியவளும் சொல்லமாட்டாள், அவனோடு ஜென்மப் பகையாக இருக்கிறவன்கூடச் சொல்லமாட்டான், ஏனென்றால் கடலுக்குக் காது உண்டு, ஒரு பெயர் அதன் காதில் விழுந்துவிட்டால் அந்த ஆள்மேல் அதற்கு ஆசை வந்துவிடும் என்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். பெயருக்குப் பதில் வள்ளத்தைச் சொல்வார்கள். சலேத் எப்ப வரும், சலேத் சாப்பிட்டிருக்குமா, சலேத்துக்கு இருமலாச்சே மருந்து எடுத்துட்டுப் போச்சா என்று கேட்பார்கள். சலேத் மாதா என்கிற அந்த வள்ளத்தில் ஏழு பேர் போயிருந்தாலும் அந்த இருமல் யாருடையது என்று கேட்கிறவளுக்கும் தெரியும், பதில் சொல்கிறவளுக்கும் தெரியும். இப்படிப் பரம்பரை பரம்பரையாகக் கடலை ஏமாற்றிக்கொண்டிருப்பதாக அந்த ஊருக்கு ஒரு நினைப்பு. கடல் அதை மறுத்துப் பேசியதில்லை.

கோயில் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் எடுக்கிற பிளாவியா டீச்சரின் புருஷன் ரெமிஜியுஸ் அந்த ஏழு பேரில் ஒருவன். படித்தவள் என்பதால் கடலுக்குக் காது இருப்பதை அவள் நம்பவில்லை, ஆனால் நம்பாததைப் பெயர் சொல்லிச் சோதித்துப் பார்க்கிற தைரியமும் அவளுக்கு வந்ததில்லை. அதோடு, கட்டியவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற பழக்கமே அந்தத் தெருவில் எவளுக்கும் கிடையாது. 'இங்கேருங்க' என்பாள். அவன் கொல்லையிலிருந்து, வகுப்பில் வருகை எடுக்கும்போது பிள்ளைகள் சொல்கிற ராகத்திலேயே, 'உள்ளேன் டீச்சர்' என்பான். பதினோரு வருஷமாக அதே கேலி. ஒரு நாளும் அது அவளுக்குப் புளித்ததில்லை, புளித்ததுபோல முகத்தை மட்டும் வைத்துக்கொள்வாள்.

ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில், அவள் அடுப்படியில் ஒரு கையால் இட்லிக்கு ஊற்றிக்கொண்டு மறு கையால் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தபோது, அவன் நிலைப்படியில் சாய்ந்து நின்று கூரையை அண்ணாந்து பார்த்தபடி, 'உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்' என்றான். அவள் தலையைத் தூக்காமலே 'வந்து சொல்லுங்க' என்றாள். அவன் சிரித்துக்கொண்டு தண்ணீர்க் கேனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போனான்.

அன்றைக்கு ஏழாம் வகுப்பில் அவள் எடுத்த பாடம், பலவற்றைச் சேர்த்து ஒன்றாகச் சொல்கிற ஆங்கிலச் சொற்கள். மாட்டுக்கு ஹெர்ட், பறவைக்கு ஃப்ளாக், மீனுக்கு ஷோல் என்று கரும்பலகை நிறைய எழுதிப்போட்டாள். பட்டியலைக்கூடப் பிள்ளைகள் பொறுத்துக்கொண்டார்கள், அந்தச் சொற்கள் ஒரு சமயம் ஒருமையாகவும் ஒரு சமயம் பன்மையாகவும் நடக்கும் என்றதுதான் வேப்பங்காயாகக் கசந்தது. அவள் யோசித்து, வாழைத்தாரை நினைத்துக்கொள்ளுங்கள் என்றாள்; தோளில் தூக்கிப் போகும்போது தார் ஒன்று, உட்கார்ந்து தின்னும்போது பழம் தனித்தனி, அதில் ஒன்று இனிக்கும் ஒன்று கன்றிப் போயிருக்கும், சேர்ந்து ஒரே காரியம் செய்கிற வரைக்கும் ஒருமை, ஆளுக்கொரு பக்கம் திரும்பிவிட்டால் பன்மை, அவ்வளவுதான் என்றாள். வள்ளத்தில் போகிறவர்கள் எல்லோரையும் சேர்த்து க்ரூ என்று சொல்ல வேண்டும் என்றபோது மட்டும் வகுப்புக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. நாம சலேத்துன்னு சொல்லுறோமே அது மாதிரி என்றன பிள்ளைகள். அதேதான் என்றாள் டீச்சர், அவளுக்கே அது அப்போதுதான் விளங்கியது.

அன்று சாயங்காலம் காற்று திரும்பியது. மற்ற வள்ளங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன, சலேத் வரவில்லை. தேடிப் போன படகுகள் ஒன்பது நாள் தேடிவிட்டு, ஒரு மிதவைக்கட்டையைக்கூடக் கொண்டுவராமல் திரும்பின. ஏழு வீட்டுப் பெண்களும் நாற்பது நாள் கோயிலில் முட்டிபோட்டார்கள், உபவாசம் இருந்தார்கள், கண்ணீர் வற்றி உப்பு மட்டும் கன்னத்தில் நிற்கிற வரைக்கும் அழுதார்கள். ஆனால் அடிப்பலகை இன்னும் மணலைத் தொடவில்லை என்பதால் ஒருத்தியும் ஒரு பெயரைச் சொல்லவில்லை. பூசையில் வாசிக்கப் பெயர்களைக் கேட்ட சாமியாரிடம், சலேத் என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள் சாமி என்றார்கள். ஆளுக்கொரு மெழுகுவத்தி ஏற்றினால் அதுகூட அடையாளமாகிவிடும் என்று ஏழு பேருக்கும் சேர்த்து ஒரே பெரிய மெழுகுவத்தியாக ஏற்றினார்கள். மாதாவே, சலேத்தைக் கொண்டுவந்து தா. நாற்பது நாளும் அந்த ஒரு வாக்கியம்தான்.

நாற்பத்தோராம் நாள் காலையில், மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தபோது, கடலுக்குள்ளிருந்து ஓர் ஆள் நடந்து வந்தார். இடுப்பளவு தண்ணீர், முழங்காலளவு தண்ணீர், கணுக்காலளவு தண்ணீர் என்று நிதானமாக வந்து மணலில் ஏறி நின்றார். தொம்மையின் பெண்சாதி கித்தேரி, இடது காலைச் சாய்த்துச் சாய்த்து வைக்கிற அந்த நடையைப் பார்த்தவுடனே கூடையைக் கீழே போட்டாள். கஸ்பாரின் தாய் ஜெபமாலைக் கிழவி அந்த முன்பல் இடைவெளியைப் பார்த்து அது தன் மகன்தான் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். ஒருத்திக்கு நரைத்த மீசை, ஒருத்திக்குக் காதோரத்து மச்சம், ஒருத்திக்குக் கழுத்துத் தழும்பு, ஒருத்திக்கு அந்த இருமல். பிளாவியா பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்து கூட்டத்தை விலக்கிப் பார்த்தாள். வலது கையில், நங்கூரக்கயிறு அறுத்த பிறகு நேராக வளரவே மாட்டேன் என்று பிளந்து நின்ற கட்டைவிரல் நகம் இருந்தது.

அந்த ஒரே ஆள் ஏழு பெண்களையும் பார்த்து, ஏழு குரல் ஒன்றாய்ச் சேர்ந்த குரலில், 'நாங்க வந்துட்டோம்' என்றார்.

ஊர் அதற்காக மயங்கி விழவில்லை. ஏழு பேர் போய் ஒருவரும் வராத வருஷங்களைப் பார்த்த ஊர் அது, ஏழு பேரும் ஒருவராக வந்ததை எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம் என்றுதான் அதற்குத் தோன்றியது. ஊர்க்கமிட்டி அன்று மத்தியானமே கூடி, வாரத்துக்கு நாள் ஏழு வீடும் ஏழு என்பதால் திங்கள் முதல் ஞாயிறு வரை வீட்டுக்கு ஒரு நாள் சாப்பாடு, படுக்கை மட்டும் கோயில் வலைக்கொட்டகையில் என்று ஒழுங்கு செய்தது. இதில் ஒழுக்கக்கேடு ஒன்றும் வராது என்று சாமியாரும் பெருமூச்சு விட்டுக்கொண்டு சம்மதித்தார். தேநீர்க்கடைக்காரர் முதல் நாள் ஏழு டம்ளர் வைத்தார், ஒன்று குடித்ததும் ஏழு பேருக்கும் தாகம் தீர்ந்ததைக் கண்டு மறுநாளிலிருந்து ஒன்று வைத்தார். சவரம் செய்கிறவர் மட்டும் யாருடைய மீசையாக வெட்டுவது என்று கத்தரியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றுவிட்டு, கடைசியில் சீவி மட்டும் விட்டார். சீட்டாடுகிறவர்கள் ஏழு மூளையோடு யார் ஆடுவது என்று அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவரை எப்படிக் கூப்பிடுவது என்ற சங்கடமும் வரவில்லை, ஏனென்றால் ஆள் வந்ததே தவிர வள்ளம் இன்னும் வரவில்லை, அடிப்பலகை மணலைத் தொடவில்லை, ஆகவே பெயர்கள் இன்னும் கட்டிப்போட்டபடியேதான் இருந்தன. சலேத் என்றே கூப்பிட்டார்கள். அவரும் திரும்பிப் பார்த்தார்.

இரண்டாம் வாரம் மீன்துறை ஆபீசர் ஒருவர் ஆங்கிலத்தில் அச்சடித்த படிவத்தோடு வந்தார். திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர் என்று ஒரு கட்டம் அதில் இருந்தது. ஒன்று என்று எழுதினால், வராத ஆறு பேர் யார் யார் என்று அடுத்த கட்டம் கேட்டது. ஏழு என்று எழுதினால், ஏழு பேரும் பக்கத்தில் வந்து கைநாட்டு வைக்க வேண்டும் என்றது. மனிதர் வேர்த்து விறுவிறுத்துப் போய்ப் பிளாவியாவிடம் படிவத்தை நீட்டினார். அவள் கட்டத்தை விட்டுவிட்டு அதன் ஓரத்தில், சலேத் மாதாவின் க்ரூ திரும்பி வந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி, வந்துவிட்டது என்பதை ஒருமையிலேயே வைத்தாள். ஆபீசர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, அந்தச் சொல்லுக்குள் ஒருவரும் அடங்குவார் ஏழு பேரும் அடங்குவார்கள், இனி மேலிடத்தில் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்று மனம் குளிர்ந்து போனார். பிளாவியாவுக்குத்தான் குளிரவில்லை. எத்தனை பெரிய சொல், அதற்குள் தன் வீட்டு ஆளையும் தள்ளிக் கதவைச் சாத்தித் தானே கையெழுத்தும் போட்டுவிட்டோமே என்று அவளுக்கு நாள் முழுக்க வயிறு எரிந்தது.

ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை அவள் முறை. அவர் வந்து அடுப்படிக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிடுவார். பிளந்த நகத்தோடு அந்தக் கட்டைவிரல் சோற்றைப் பிசைவதை அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள், கடைசியில் கேட்பாள், அன்னைக்கு என்னமோ சொல்லணும்னீங்களே, என்ன அது. அவர் நெற்றியைச் சுருக்கி யோசிப்பார், ஏழு பேரும் உள்ளே ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதுபோல இருக்கும், பிறகு, 'நாங்க என்ன சொல்ல வந்தோம்?' என்று அவளிடமே திருப்பிக் கேட்பார். கடலைப் பற்றிக் கேட்டால் சொன்னார், வலையைப் பற்றிக் கேட்டால் சொன்னார், ஏழு பேருக்கும் பொதுவாகத் தெரிந்த எல்லாமே அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த நிலைப்படியில் சாய்ந்து நின்ற ஒருவனுக்கு மட்டும் தெரிந்தது அவரிடம் இல்லை. 'இங்கேருங்க' என்று ஒரு தரம் கூப்பிட்டுப் பார்த்தாள். 'சொல்லு தாயி' என்றார், எவளோ ஒருத்தியிடம் சொல்வது மாதிரி. அவள் பாத்திரம் கழுவப் போகிற சாக்கில் கொல்லைக்குப் போய் அழுதாள்.

மூன்றாம் வாரத்து வியாழக்கிழமை ஜெபமாலைக் கிழவியின் முறை. பெற்ற வயிறு ஊர்க்கட்டுப்பாட்டை எத்தனை நாளைக்குத் தாங்கும். குழம்பை ஊற்றும்போது அந்தப் பல் இடைவெளி தெரிய அவர் சிரிக்க, கிழவிக்கு எல்லாம் மறந்து, 'கஸ்பாரு, இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டா ராசா' என்று கேட்டுவிட்டாள்.

'போதும்மா. நான் நெறைய சாப்ட்டேன்' என்றான் கஸ்பார். ஒற்றைக் குரல், அவனுடைய சொந்தக் குரல். கிழவியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அவ்வளவுதான், கையை விட்டபோது உட்கார்ந்திருந்தவரின் வாயில் பல் இடைவெளி இல்லை, நாங்க கை கழுவணும் என்று எழுந்து போனார், அவரிடம் இப்போது ஆறு பேர்தான் இருந்தார்கள். அன்று மத்தியானம் கஸ்பாரின் நீலச்சட்டை கரையில் ஒதுங்கியது. கிழவி அதை எடுத்து உதறி, மடித்து, கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்து, வாய்விட்டு மகன் பெயரைச் சொல்லிச் சொல்லி ஊரே கேட்க ஒப்பாரி வைத்து அழுதாள். பிறகு வீட்டுக்கு வந்து ஒரு தட்டு நிறையச் சோறு தின்று, அறுபது நாளாக வராத தூக்கத்தைத் தூங்கினாள்.

மற்ற ஆறு பெண்களும் இரண்டையும் பார்த்தார்கள், அவன் போனதையும் அவள் தூங்கியதையும். இனி நாக்கு தவறிவிடுமோ என்று ஒவ்வொருத்தியும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டே பரிமாறினாள். ஆனால் அவரும் நாளுக்கு நாள் தளர்ந்துகொண்டிருந்தார். ஒருவருக்குத் தூக்கம் வந்தால் ஐந்து பேர் விழித்திருந்தார்கள், ஒருவர் சிரித்தால் ஐந்து பேருக்குத் துக்கமாக இருந்தது, படுக்கவும் முடியாமல் வேலைக்குப் போகவும் முடியாமல் தினமும் முழங்காலளவு தண்ணீரில் போய் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கித்தேரி அவரை அழைத்துவரப் போகும்போது பிளாவியாவும் கூடப் போனாள்.

'நாப்பது நாளு நாம என்ன கேட்டோம் அக்கா' என்றாள் பிளாவியா. 'சலேத்தைத் தா, சலேத்தைத் தான்னு கேட்டோம். ஒரு பேரு சொல்லலியே. கேட்டதைத்தான் குடுத்திருக்கு.'

'அப்ப இவங்களை எப்படி அனுப்புறது?' என்றாள் கித்தேரி. எப்படி வைத்துக்கொள்வது என்று அவள் கேட்காததைப் பிளாவியா கவனித்தாள்.

நவம்பர் இரண்டாம் தேதி ஆத்துமாக்கள் திருநாள், கோமான்துறையில் செத்தவர்களின் பெயர்களையெல்லாம் ஒன்றுவிடாமல் வாசிக்கிற ஒரே நாள். அன்று காலைப் பூசை முடிந்ததும் ஏழு பெண்களும் கரைக்குப் போனார்கள், கூப்பிட இனி ஆள் இல்லாத ஜெபமாலையும் துணைக்குப் போனாள், ஊர் அவர்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் போய் மணல்மேட்டில் நின்றது. அவர் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். யார் முதலில் என்ற பேச்சே எழவில்லை, சாப்பாட்டு முறைதான் முறை. டீச்சருக்கு ஞாயிற்றுக்கிழமை, ஆகவே அவள் கடைசி.

திங்கட்கிழமைக்காரி கித்தேரி தண்ணீருக்குள் இறங்கி, இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தரம்கூட உச்சரிக்காத பெயரைத் திக்கித் திக்கி, 'தொம்மை' என்றாள். சாய்ந்த கால் நேரானது. 'கித்தேரி, கால் இப்ப வலிக்கல' என்றான் தொம்மை. அடுத்தவள் 'லொயோலா' என்றாள், காதோரத்து மச்சம் போனது. இஸ்தாக்கி என்று ஒருத்தி, அந்தோணிப்பிச்சை என்று ஒருத்தி, சிங்கராயர் என்று ஒருத்தி. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல் வந்தது, ஒரு மூச்சு நேரம் ஒருவன் தன் பெண்சாதியைத் தனியாகப் பார்த்தான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி ஏதோ சொன்னான், போனான். நரை போனது, தழும்பு போனது, இருமல் நின்றது. ஐந்து பெண்களும் திரும்பி வந்து ஜெபமாலையோடு மணலில் உட்கார்ந்தார்கள்.

தண்ணீரில் நின்றது ரெமிஜியுஸ். தலை முதல் கால் வரை அவன்தான், அவன் தோள், அவன் முழங்கால், பிளந்த நகத்தோடு அவன் கை, வேறு ஒருவருடைய அடையாளமும் அவன்மேல் இல்லை. கூப்பிடாமல் விட்டால் போதும், கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப் போய்விடலாம்.

கித்தேரி கரையிலிருந்து பேசினாள். 'கூப்பிடாத டீச்சர். ஒண்ணாவது இருக்கட்டும். எங்க எல்லாருக்கும் சேர்த்து நீ வச்சுக்க.'

மற்ற ஐந்து பெண்களும் தலையாட்டினார்கள். ஒரு முகத்திலும் பொறாமை இல்லை, அதைத்தான் பிளாவியாவால் தாங்க முடியவில்லை. அவள் தண்ணீருக்குள் நடந்து போய் அவன் எதிரில் நின்றாள். அன்னைக்கு என்ன சொல்ல வந்தீங்க என்று இன்னொரு தரம் கேட்டாள், ஒருவேளை இப்போதாவது தெரியுமோ என்று.

அவன் அவளை அன்பாகத்தான் பார்த்தான். 'நாங்க என்ன சொல்ல வந்தோம்?' என்றான். பிறகு தோளுக்குமேல் திரும்பிக் கடலைப் பார்த்து, யாரோ காத்திருப்பதுபோல, 'வள்ளத்துல ஆறு பேரு ஏறியாச்சு. ஒரு ஆள் கொறையுது' என்றான்.

அப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது. இந்த உடம்பை வைத்துக்கொள்ளலாம், சோறு போடலாம், சாகிற வரைக்கும் அது நாங்க நாங்க என்று சொல்லிக்கொண்டு அவள் அடுப்படியில் உட்கார்ந்திருக்கும், அதற்குள் இருக்கிற அவள் புருஷன் ஒரு நாளும் அவளைத் திரும்பிப் பார்க்கமாட்டான். அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். தினமும் காலையில் நாற்பது பெயரைக் கூப்பிட்டுப் பழகிய அதே குரலில், நடுக்கமில்லாமல், கடலுக்கும் ஊருக்கும் கேட்கும்படி கூப்பிட்டாள்.

'ரெமிஜியுஸ்.'

'உள்ளேன் டீச்சர்' என்றான் அவன்.

சிரித்தான். பதினோரு வருஷத்துச் சிரிப்பு. அவள் இந்த முறை முகத்தைச் சுளிக்கவில்லை.

'அடுப்படி மேல மூணாவது ஓடு விரிஞ்சிருக்கு' என்றான். 'நான் வந்து மாத்தலாம்னு நெனச்சேன், அதான் அன்னைக்குச் சொல்ல வந்தேன். மழைக்கு முந்தி மாத்திரு, பிளாவி.'

'மாத்திடுறேன்' என்றாள் அவள். அதைச் சொல்லி முடிக்கும்போது அவள் எதிரில் தண்ணீர் மட்டும் இருந்தது. சற்று நேரத்தில், ஆள் யாரும் இல்லாமல், பாய் இல்லாமல், ஒரு பக்கம் சிப்பி படிந்த சலேத் மாதா வள்ளம் அலையோடு அசைந்து அசைந்து வந்து, அதன் அடிப்பலகை மணலைத் தொட்டது. ஊர் முழுக்க ஒரே நேரத்தில் ஏழு பெயரையும் சொல்லி அழத் தொடங்கியது.

மறுநாள் சாயங்காலம் கிழக்கே மழைமேகம் கருக்கட்டியபோது, பிளாவியா ஏணி கேட்டு யார் வீட்டுக்கும் போகவில்லை, ஏணியே வந்தது. கித்தேரி அதைப் பிடித்துக்கொண்டாள், ஜெபமாலை கீழே நின்று பார்த்து வை, பார்த்து வை என்று உயிரை எடுத்தாள், மற்றவர்கள் புது ஓட்டைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே கொடுத்தார்கள். விரிந்த ஓட்டை எடுத்த இடத்தில் ஒரு துண்டு வானம் தெரிந்தது. பிளாவியா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடினாள்.

இப்போதெல்லாம் கோமான்துறையில் வள்ளம் இறக்கும்போது, போகிற ஒவ்வொருவன் பெயரையும் அவனவன் வீட்டுப் பெண் கரையில் நின்று உரக்கக் கூப்பிட்டுத்தான் அனுப்புகிறாள், கடல் கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும், யாரைத் திருப்பித் தர வேண்டும் என்று அதற்கும் தெரிந்திருக்கட்டும் என்று. எல்லோரும் கூப்பிட்டு முடித்த பிறகு பிளாவியா டீச்சரும் ஒரு பெயரைக் கூப்பிட்டுவிட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். பதில் வருவதில்லை, அவளும் எதிர்பார்ப்பதில்லை. அந்த வருஷம் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் ஓயாமல் மழை கொட்டியது, தெருவில் பாதி வீடு ஒழுகியது. அவள் அடுப்படியில் மூன்றாவது ஓட்டுக்குக் கீழே தரை காய்ந்திருந்தது.